மூன்றாவது வாரமும் காய்ச்சல்

தொண்டைக்குழிக்குச் சற்றுக் கீழே தொடங்கி மேல்வயிறு வரை நேராக இறங்கும் ஒற்றைத் தழும்பு. ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடியில் மொட்டையடித்து, சந்தனம் பூசி, சட்டையில்லாமல் ஓடித் திரியும் பிள்ளைகளுக்குள் அந்தத் தழும்புள்ள பிள்ளையையும் பார்க்கலாம். பக்கத்தில் நிற்கும் தாயிடம் கேட்டால், “இருதயத்துல ஓட்டை இருந்துச்சு, ஆபரேஷன் பண்ணியாச்சு, இப்ப நல்லாயிருக்கான்” என்பதோடு கதை முடிந்துவிடும். எந்த ஊரில் ஆபரேஷன் நடந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காப்பீட்டு அட்டையில் நடந்தது என்பதும் தெரியும். உள்ளே எதை வைத்துத் தைத்தார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் தெரியாது. அது பீரோவில் கிடக்கும் ஃபைலில் ஆங்கிலத்தில் இருக்கிறது.

சாத்தூருக்குப் பக்கத்தில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்து இருக்கன்குடி மாரியம்மன் நோய்க்குப் பேர்போன தெய்வம். அம்மைக்கு நேர்ந்துகொள்வார்கள். கண்ணுக்குக் கண்மலர், வயிற்றுவலிக்கு மாவிளக்கு, பிழைத்த உயிருக்கு அக்கினிச்சட்டி. சிவகாசி, கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துச் சனங்கள் நடந்தே வந்து சேருவார்கள். இதயக் கோளாறோடு பிறந்த பிள்ளைக்கு, ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் நேர்ந்துகொள்வது தவிர வேறு வழி பலருக்கு இருந்ததில்லை. இன்று வழி இருக்கிறது. அந்த வழியில் ஆபரேஷன் வரைக்கும் தார் போட்டாகிவிட்டது, அதற்கப்பால் இன்னும் கரடுமுரடுதான் என்பதே இந்தக் கட்டுரையின் வழக்கு.

தார் போட்ட பகுதியின் வரலாறு சுருக்கமானது. 1948ல் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெஞ்சக அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இதயத்தைத் திறந்து செய்யும் அறுவை அங்கே 1961ல் நடந்தது. செயற்கை வால்வு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனம் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாக்கிய வால்வு 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு சென்னை டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்து விலையைச் சாதாரணக் குடும்பங்கள் எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கதவு திறந்தது அதற்கும் பிறகு: 2008ல் இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம், 2009ல் கலைஞர் காப்பீடு, 2012ல் முதலமைச்சரின் விரிவான காப்பீடு. 2013 முதல் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வேனில் வந்து ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கும் ஆர்.பி.எஸ்.கே. குழு.

எத்தனை பிள்ளைகள்? ஆயிரம் பிறப்புக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் ஏதாவதொரு இதயக் குறையோடு பிறக்கிறார்கள். இது உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே கணக்கு. 2011 கணக்கெடுப்பில் விருதுநகர் மாவட்ட மக்கள்தொகை 19 லட்சத்துச் சொச்சம். ஆண்டுக்கு இருபதாயிரம் பிறப்பு என்று குறைத்து மதிப்பிட்டாலும் 160 பிள்ளைகள் ஆகிறது. எல்லோருக்கும் அறுவை தேவைப்படாது. சில ஓட்டைகள் தாமாக மூடிக்கொள்ளும். மிச்சமுள்ளவர்கள் ஆண்டுக்காண்டு சேர்ந்து, பள்ளி, கல்லூரி, ஆலை, கல்யாணம் என்று வளர்ந்துகொண்டே வருகிறார்கள். வளர்வது நல்ல செய்திதான். ஆனால் அவர்களோடு அவர்கள் நெஞ்சுக்குள் இருக்கும் பொருளும் கூடவே வருகிறது.

அந்தப் பொருள் பல வகை. ஓட்டையை அடைத்த துணி ஒட்டு. நீலம் பாரித்த குழந்தைக்கு நுரையீரலுக்கு ரத்தம் அனுப்ப வைத்த, சில மில்லிமீட்டர் அகலமுள்ள கோர்டெக்ஸ் குழாய். உலோக வால்வு. வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனிக்கு இணைக்கும் குழாய், சமயங்களில் மாட்டின் கழுத்துச் சிரையிலிருந்து எடுத்துப் பதப்படுத்தியது. உடலைப் பொறுத்தவரை இவை எல்லாமே அந்நியப் பொருள்கள். ரத்தத்தில் அவ்வப்போது கிருமி கலப்பது எல்லோருக்கும் நடப்பது. சொத்தைப்பல் உள்ளவன் அழுத்திப் பல் துலக்கினாலே கலக்கும். மற்றவர்களுக்கு அது சில நிமிடங்களில் அழிந்துபோகிறது. அந்நியப் பொருள் உள்ளவனுக்கு அதில் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஒட்டிய இடத்தில் படலம் கட்டிக்கொண்டால் மருந்தும் வெள்ளையணுவும் உள்ளே நுழைவது கடினம்.

பத்து வயதுப் பையன் ஒருவனை வைத்துக்கொள்வோம். அம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவர். அப்பா லோடு ஏற்றுகிறவர். பையனுக்கு மூன்று வயதில் ஆபரேஷன் முடிந்தது, வலது பக்கக் குழாய் ஒன்று உள்ளே இருக்கிறது. காய்ச்சல் வருகிறது. முதல் வாரம் மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரை. காய்ச்சல் விடுகிறது, மூன்று நாளில் திரும்புகிறது. இரண்டாவது வாரம் கிளினிக்கில் ஊசி. “டைபாய்டு மாதிரி தெரியுது” என்று ஒரு ரத்தப் பரிசோதனை. மறுபடி விடுகிறது, மறுபடி வருகிறது. மூன்றாவது வாரம் இருமல் சேர்ந்துகொள்ள, எக்ஸ்ரேயில் நுரையீரலில் புள்ளிகள். நிமோனியா என்று சீட்டில் எழுதப்படுகிறது. ஆபரேஷன் ஆகி ஏழு வருஷமானதால் அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்கவும் இல்லை. வேலைக்குப் போகாத நாளின் கூலி போய்விடும் என்பதால் மதுரைக்குக் கூட்டிப்போவது ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகிறது.

வலது பக்கக் குழாயில் கிருமி குடியேறினால் அதிலிருந்து பிய்ந்து போகும் துணுக்குகள் நேராக நுரையீரலுக்குத்தான் போகும். அதைத்தான் எக்ஸ்ரே காட்டியது. ஆனால் நெஞ்சு எக்ஸ்ரே இதயத்துக் குழாயின் கதையைச் சொல்லாது.

மதுரை வார்டில் இப்போது இரண்டு சோதனைகள். ஒன்று, ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர். இன்னொன்று, ஒலி அலை கொண்டு இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ. இப்படி இதயத்துக்குள் கிருமி குடியேறும் நோயான இதய உள்ளுறை அழற்சியைக் கண்டுபிடிக்க 1994ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வகுத்த அளவுகோல் இந்த இரண்டு தூண்களின் மீதுதான் நின்றது. நம் பையன் விஷயத்தில் இரண்டும் தடுமாறும். முன்னமே உள்ளே போன ஆன்டிபயாடிக், கிருமியைக் கொல்லாவிட்டாலும் கல்ச்சர் குப்பியில் வளரவிடாமல் முடக்கிவிடும். இந்தியாவிலிருந்து வந்த ஆய்வுகளில் கல்ச்சர் பொய்ப்பது மேலை நாடுகளைவிட அதிகமாக இருப்பதற்குப் பெரிய காரணம் இதுவே. எக்கோவின் சங்கடம் வேறு. ஒலி அலை உலோகத்தைத் தாண்டாது. மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நிற்பவனுக்கு அம்மன் தெரியாததுபோல, வால்வின் நிழலுக்குப் பின்னால் இருப்பது மருத்துவருக்குத் தெரியாது. வலது பக்கக் குழாயோ நெஞ்செலும்பை ஒட்டினாற்போல் கிடக்கிறது; சுண்ணாம்பு படிந்திருந்தால் அங்கேயும் நிழல்தான்.

இங்கேதான் அணு மருத்துவம் வருகிறது. மற்ற சோதனைகள் உறுப்பின் வடிவத்தைப் பார்க்கின்றன. இது அங்கே நடக்கும் வேலையைப் பார்க்கிறது. கிருமி உள்ள இடத்தில் வெள்ளையணுக்கள் திரண்டு சண்டை போடுகின்றன. சண்டைக்குச் சர்க்கரை தேவை. குளுக்கோஸைப் போலவே தோற்றமுள்ள, ஆனால் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஏற்றிய எஃப்.டி.ஜி. என்ற பொருளை நரம்பில் செலுத்தினால், பசித்த அணுக்கள் அதையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. முதல் படியில் செரித்துவிட்டு அடுத்த படிக்குப் போக முடியாமல் அது அங்கேயே சிக்கிக்கொள்கிறது. ஃபுளோரின்-18 உமிழும் பாசிட்ரான் பக்கத்து எலக்ட்ரானோடு மோதி அழியும்போது இரண்டு காமாக் கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் பறக்கின்றன. சுற்றிலும் வளையமாக இருக்கும் கருவி அந்த ஜோடிகளைப் பிடித்து, எங்கிருந்து கிளம்பின என்று கணக்குப் போடுகிறது. கூடவே எடுக்கும் சிடி படத்தின் மீது அதைப் பதித்தால், குழாயின் எந்த ஓரத்தில் சண்டை என்பது தெரிகிறது. பெட்-சிடி ஸ்கேன் என்பது இதுதான். நுரையீரல் புள்ளிகளும், மண்ணீரலுக்கோ முதுகெலும்புக்கோ போன துணுக்கும், சமயத்தில் எல்லாவற்றுக்கும் மூலமான சொத்தைப்பல்லும் அதே படத்தில் அகப்படும். மூளை மட்டும் விலக்கு. மூளை எப்போதுமே சர்க்கரை தின்பதால் அங்கே எதுவும் தனித்துத் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும்.

பிரான்சின் மார்செய் நகரத்து மருத்துவர்கள் செயற்கை வால்வில் தொற்று இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட 72 பேரை இப்படிப் பார்த்து 2013ல் வெளியிட்ட ஆய்வு ஒரு திருப்பம். பழைய டியூக் அளவுகோல், நோயாளி சேர்ந்த அன்றைய நிலையில், நூற்றுக்கு 70 பேரின் தொற்றைப் பிடித்தது. பெட்-சிடியையும் ஒரு முதன்மை அடையாளமாகச் சேர்த்தபோது அது 97 ஆனது. 2015ல் ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதலில் இது இடம்பிடித்தது. 2023ல் திருத்திய டியூக் அளவுகோலும் ஏற்றுக்கொண்டது. அந்த 72 பேரும் செயற்கை வால்வு வைத்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. பிறவிக் குறைக்கு ஒட்டும் குழாயும் வைத்த பிள்ளைகளின் கணக்கு தனி. அவர்களைப் பற்றிய ஆய்வுகள் சிறியவை, ஆனால் சுட்டும் திசை அதுவே.

இதுவரை படித்தவர்களுக்குக் கருவி ஒரு அதிசயம் என்று தோன்றியிருக்கும். எனக்கு அதைவிடச் சுவையாகத் தெரிவது சமையலறைப் பக்கம். இதயத் தசையும் சர்க்கரை தின்னும். ஸ்கேனுக்கு முந்தின இரவு இரண்டு இட்லி போனால்கூட இன்சுலின் சுரந்து இதயம் முழுதும் பளபளவென்று எரிந்து, தேடும் இடத்தை மறைத்துவிடும். ஆகவே ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க மாவுச்சத்தே இல்லாமல் கொழுப்பும் புரதமும் மட்டும் சாப்பிட்டு, பிறகு பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பட்டினி இருக்க வேண்டும். அப்போது இதயம் சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். சின்னக் குழந்தைக்குப் பட்டினி நேரத்தை மருத்துவர் குறைப்பார்.

சொல்வது சுலபம். நம் ஊரில் இந்தப் பட்டியலை நிறைவேற்றுவது எப்படி? சோறு, இட்லி, தோசை, பால், பழம், பருப்பு, கிழங்கு எதுவும் கூடாது. சாத்தூர்ச் சேவும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் கேட்கவே வேண்டாம். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா கொழுப்புத்தானே என்று ஒரு குசும்பர் கேட்கக்கூடும். மைதா, ஐயா, மைதா. மிஞ்சுவது முட்டை, மாவு தொடாத மீன், கோழி, ஆட்டுக்கறி, பன்னீர், நெய். ஆடி மாதம் விரதம் பிடித்த வீட்டில் கவுச்சி ஏறாது, குடிப்பது கூழ். கேப்பையும் கம்பும் முழுக்க மாவுச்சத்து. ஸ்கேன் தேதி கொடுப்பவர் “உங்க வீட்ல இப்ப விரதமா, தாயி?” என்று கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பன்னீரும் நெய்யும் வைத்து ஒரு நாளை ஓட்டலாம், அல்லது நோயின் வேகம் அனுமதித்தால் தேதியை நகர்த்தலாம். அச்சடித்த ஆங்கிலத் தாளில் ‘அவகாடோ’ என்று இருந்தால் என்ன செய்வது?

வார்டுக்குள்ளும் கண்ணி உண்டு. பட்டினி கிடக்கும் பிள்ளைக்குப் பரிதாபப்பட்டு இரவில் ஏற்றும் குளுக்கோஸ் டிரிப், காய்ச்சலுக்குக் கொடுக்கும் இனிப்பு சிரப், பக்கத்துப் படுக்கைப் பாட்டி நீட்டும் ஒரு மிட்டாய். மூன்றில் ஒன்று போதும், ஸ்கேன் வீணாகிவிடும். காலையில் டெக்னீஷியன் கேட்பது, “நேத்து ராத்திரியிலருந்து என்னம்மா குடுத்தீங்க?” என்ற ஒரே கேள்வி. அதற்குப் பயப்படாமல் உண்மையைச் சொல்லும் தாய்தான் அன்றைய சோதனையின் தரத்தைக் காப்பாற்றுகிறவர். திட்டுவார்கள் என்று மறைத்தால் தவறான படத்தை வைத்துப் பிள்ளையின் நெஞ்சை மறுபடி திறக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க நேரும்.

இன்னொரு நெருக்கடி நேரம். ஃபுளோரின்-18ன் அரை ஆயுள் 110 நிமிடம். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் அதிகாலை 5 மணிக்கு நூறு பங்கு தயாரானால் 6.50க்கு ஐம்பது, 8.40க்கு இருபத்தைந்து. சேமித்து வைக்க வழியே இல்லை. 1976 ஆகஸ்டில் மனிதருக்கு முதன்முதலாக எஃப்.டி.ஜி. செலுத்தியபோதும் இதே ஓட்டம்தான்: நியூயார்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, விமானத்தில் பிலடெல்பியாவுக்கு அனுப்பி, அங்கே அபாஸ் அலவி இரண்டு தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார். இந்தியாவுக்கு மருத்துவ சைக்ளோட்ரானும் பெட் ஸ்கேனும் 2002ல்தான் வந்தன, மும்பை பரேலில் உள்ள கதிர் மருத்துவ மையத்துக்கு. இன்று மதுரையிலேயே பெட் ஸ்கேன் எடுக்கலாம். மருந்து வண்டி வர வேண்டும், பிள்ளை பட்டினியோடு வந்து காத்திருக்க வேண்டும், ஊசி போட்டு ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எங்கோ லாரி கவிழ்ந்து நான்கு வழிச்சாலை அடைபட்டால் எல்லோருடைய பட்டினியும் வீண்.

பெட் என்ற பேரைக் கேட்டதும் குடும்பம் உடைந்துபோவதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான மருத்துவமனைகளில் அந்தக் கருவி புற்றுநோய்ப் பிரிவை ஒட்டியே இருக்கிறது. காத்திருக்கும் கூடத்தில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருப்பவர்கள் வேண்டுதலுக்கு மழித்தவர்கள் இல்லை. “எம்பிள்ளைக்கு அந்த நோயா?” என்று ஒரு தாய் வாய்விட்டுக் கேட்கும்முன் யாராவது சொல்லிவிட வேண்டும்: இது புற்றுநோய்க்கு அல்ல, கிருமி எங்கே இருக்கிறது என்று பார்க்க. கதிரியக்கம் பற்றியும் அப்போதே சொல்லலாம். பெரியவருக்கு எஃப்.டி.ஜி. ஊசியால் சேரும் கதிரளவு சுமார் 7 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து உலகத்தில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாகப் பெறுவது 2.4. சிடி அதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கும். சும்மா எடுத்துப் பார்க்கும் சோதனை இல்லை, உயிர் ஊசலாடும்போது தயங்க வேண்டியதும் இல்லை. அன்றைக்குக் கர்ப்பிணி அக்காவோ சித்தியோ பையனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம், நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்கட்டும். அவ்வளவே.

கருவி பொய்யும் சொல்லும். ஆபரேஷன் ஆன புதிதில் தைத்த இடமெல்லாம் ஆறிக்கொண்டிருக்கும். ஆறுவதற்கும் வெள்ளையணு வேண்டும், அதுவும் சர்க்கரை தின்னும். புண் ஆறுவதையும் சீழ் வைப்பதையும் எஃப்.டி.ஜி. எளிதில் பிரித்துக் காட்டாது. அதனால் முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த படத்துக்குப் புதிய டியூக் அளவுகோல் முதன்மை அடையாளம் என்ற மதிப்பைத் தருவதில்லை, துணை அடையாளமாகவே கொள்கிறது. ரத்தம் கசியாமல் இருக்க அறுவையில் தடவிய பசைகூட மாதக்கணக்கில் ஒளிரும். மறுபக்கம், ஆன்டிபயாடிக் பல நாள் போனபின் எடுத்தால் உண்மையான தொற்றும் மங்கித் தெரியலாம்.

அப்படிக் குழம்பும் இடத்தில் பழைய முறை ஒன்று கைகொடுக்கிறது. நோயாளியின் சொந்த ரத்தத்தை எடுத்து, வெள்ளையணுக்களை மட்டும் பிரித்து, கதிரியக்க அணு ஏற்றித் திரும்பவும் உடலுக்குள் விடுவது. 1976, 77ல் கதிரியக்க இண்டியத்தைக் கொண்டு இதைச் சாத்தியமாக்கிய ஆய்வுகளில் மேத்யூ தாக்கூரின் பெயர் முன்நிற்கிறது. இப்போது பெரும்பாலும் டெக்னீசியம்-99எம். அரை ஆயுள் 6 மணி நேரம் என்பதால் அவசரமும் குறைவு. அணுக்கள் கிருமியைத் தேடிப் போய்ச் சேர நேரம் கொடுத்து, நாலு மணி நேரம் கழித்து ஒரு படம், மறுநாள் ஒரு படம். மறுநாளும் அந்த இடத்தில் வெளிச்சம் கூடியிருந்தால் அது ஆறும் புண் இல்லை. பட்டினி வேண்டாம், முட்டை வேண்டாம். ஆனால் பெரியவரிடம் ஐம்பது மில்லி அளவுக்கு ரத்தம் எடுக்கிற வேலையைப் பத்துக் கிலோக் குழந்தையிடம் எப்படிச் செய்வது? ரத்தத்தைச் சுத்தமாகக் கையாளக் கைதேர்ந்த ஆளும் தனி அறையும் வேண்டும். எல்லா ஊரிலும் அது இல்லை.

தொற்று உறுதியானால் நான்கு முதல் ஆறு வாரம் நரம்பு வழி மருந்து, சிலருக்கு மறு அறுவை. அத்தனை வாரமும் பக்கத்தில் ஒரு ஆள். அந்த ஆளின் கூலியை எந்தக் காப்பீடும் தருவதில்லை.

2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே நாளைக்கே பெட் ஸ்கேன் வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. மதுரை கூப்பிடு தூரம். எனக்குப் பெரிதாகத் தெரிவது மூன்றாவது வாரத்துக் காய்ச்சல் முதல் வாரத்திலேயே அடையாளம் காணப்படுவது. அதற்கு வேண்டியது மூன்று கல்ச்சர் குப்பியும் ஒரு அட்டையும். பட்டாசு வட்டாரத்தில் தீக்காயம் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு எப்படி ஓட வேண்டும் என்று குழந்தைக்கும் தெரியும். பல ஆண்டு அடிபட்டுக் கற்ற பாடம் அது. இதயத்தில் குழாய் வைத்த பிள்ளையின் காய்ச்சலுக்கு அப்படி ஒரு பழக்கம் இன்னும் உருவாகவில்லை.

அறுவை செய்யும் மருத்துவமனை பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போதே அந்த அட்டையைத் தமிழில் தரலாம், ஆர்.பி.எஸ்.கே. வேனில் வருபவர்கள் ஆண்டுக்கொருமுறை அதைக் கேட்டுப் பார்க்கலாம். அட்டையில் அதிகம் வேண்டாம். உள்ளே வைத்த பொருள் என்ன, எந்தத் தேதியில். பல் பிடுங்கும்முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும் பிள்ளையா இல்லையா. ஓட்டையை முழுதாக அடைத்தவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பின் தேவையிருக்காது, செயற்கை வால்வும் குழாயும் உள்ளவர்களுக்கு ஆயுளுக்கும் தேவை. நாலு நாளைக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும். கடைசியாக, மருந்துக்கடைக்காரரும் கிளினிக் டாக்டரும் படிக்கும்படி, கொட்டை எழுத்தில்: ‘ஆன்டிபயாடிக் கொடுக்கும்முன் பிளட் கல்ச்சர் எடுக்கவும்.’